சிறிய பட்டறையில் சிஎன்சி ரௌட்டர்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறை வைத்திருப்பவர்கள், மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள், அப்பா காலத்து ஆசாரி வேலையோடு ஒரு இயந்திரத்தையும் சேர்த்துக்கொள்ள நினைக்கும் பிள்ளைகள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். இயந்திரத்தோடு வரும் கையேட்டில் நம்முடைய இரண்டு மழைக்காலத்தைப் பற்றியோ, உப்புக்காற்றைப் பற்றியோ, அயனி, ரப்பர் மரங்களைப் பற்றியோ ஒரு வரிகூட இருக்காது. அதனால் அந்த இடங்களில் கொஞ்சம் நீட்டியே சொல்லியிருக்கிறேன்.

சிஎன்சி ரௌட்டர் என்பது என்ன?

சிஎன்சி என்றால் கணினி எண்களால் கட்டுப்படுத்துவது. மரத்தைக் குடைந்து செதுக்கக் கையில் பிடித்து ஓட்டும் ரௌட்டரைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி மோட்டாரை ஒரு சட்டத்தில் மாட்டி, இடம் வலம், முன் பின், மேல் கீழ் என மூன்று திசையிலும் ஸ்டெப்பர் மோட்டார்கள் (அளந்து சின்னச் சின்ன அடியாகச் சுற்றுபவை) நகர்த்துகின்றன. எந்தப் பாதையில், எவ்வளவு ஆழத்தில், என்ன வேகத்தில் போக வேண்டும் என்பதை ஜி-கோடு எனப்படும் வரி வரியான கட்டளைகள் சொல்கின்றன. நாம் வரைந்த படத்தை அந்தக் கட்டளைகளாக மாற்ற ஒரு மென்பொருள், அவற்றை இயந்திரத்துக்கு அனுப்ப இன்னொரு மென்பொருள். அவ்வளவுதான்.

ஆசாரியின் கைவேலையை இது செய்துவிடுமா?

செய்யாது. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்ப் பூமுகம் எனப்படும் முகப்பு மண்டபத்தின் மரக்கூரையை அண்ணாந்து பாருங்கள். 90 வகைப் பூக்களைச் செதுக்கியிருக்கிறார்கள் என்று காட்டுவார்கள். அங்கேயே தாய்க் கொட்டாரம் என்ற பகுதியில் பலாமரத் தூண் வேலையையும் பாருங்கள். மூன்று அச்சு இயந்திரத்தின் பிட் (சுழன்று மரத்தை வெட்டும் முனை) மேலிருந்து நேர் கீழாக மட்டுமே இறங்கும். இதழுக்கு அடியில் குடைந்துகொண்டு போகும் வேலை அதற்கு எட்டாது. உள்மூலையும் அப்படித்தான். 6 மி.மீ. பிட் ஓடிய இடத்தில் உள்மூலை 3 மி.மீ. ஆரத்தில் வளைந்துதான் நிற்கும். கூர்மூலை வேண்டுமென்றால் உளியை எடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் பூஜை அறைக் கதவில் ஒரே பூ பல கட்டங்களில் வர வேண்டும், பலிபீடத்தின் முன்பலகையில் திராட்சைக் கொடி இடமும் வலமும் அச்சு அசலாக ஒத்து நிற்க வேண்டும் என்றால், அங்கே இயந்திரம் சோர்ந்து போகாமல் உழைக்கும். வேண்டாத மரத்தை அது தின்று எடுக்கட்டும், கடைசிக் கை உளிக்கு இருக்கட்டும் என்பதுதான் என் வழி. அப்படிச் செய்த பலகையில் உளித்தடம் லேசாக விழுந்திருக்கும், பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் உயிரோடு தெரியும். இயந்திரத்திலிருந்து எடுத்ததும் உப்புத்தாள் மட்டும் போட்டுப் பாலிஷ் அடித்த பலகையில் அது வராது. வீட்டில் உளி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், இந்த இயந்திரத்திலிருந்து மற்றவர்களைவிடப் பல மடங்கு பயன் எடுப்பது நீங்கள்தான்.

எந்த அளவில் வாங்குவது?

என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். இயந்திரத்தின் பெயரிலேயே அளவு இருக்கும். 3018 என்றால் சுமார் 300க்கு 180 மி.மீ. வேலைப்பரப்பு, 6040 என்றால் 600க்கு 400, 6090 என்றால் 600க்கு 900.

3018 வகை, கற்றுக்கொள்ள நல்லது. சாவிக்கொத்து, சின்னப் பெயர்ப்பலகை, மின்சுற்றுப் பலகை இவற்றுக்குப் போதும். அதில் இருக்கும் 775 மோட்டாரையும் மெல்லிய சட்டத்தையும் வைத்துக்கொண்டு தேக்குப் பலகையில் ஆழமாகச் செதுக்க நினைத்தால் பொறுமை போய்விடும். வீட்டுப் பெயர்ப்பலகை, கதவுப் பலகை, ஜாளி என்று வேலை எடுக்க நினைப்பவர்களுக்கு 6090 தான் சரியான நடு அளவு. கதவின் ஒரு பேனல் அதில் அடங்கும். இன்னும் நீளமான பலகையைப் பாதி செதுக்கி, நகர்த்தி வைத்து மீதியைச் செதுக்கவும் முடியும், பலகையின் விளிம்பை ஒட்டிப் பிடிக்க ஒரு நேர்ச்சட்டம் மட்டும் இருந்தால். எட்டுக்கு நாலு பிளைவுட் முழுத் தாளையும் போடும் இயந்திரம் வேண்டுமானால் அது பொழுதுபோக்குக் கணக்கில் வராது; பட்டறையில் பாதி இடம் அதற்கே போய்விடும்.

ஒன்றைக் கவனியுங்கள்: 6090 இயந்திரம் உட்கார அதைவிடக் குறைந்தது ஒரு அடியாவது நான்கு பக்கமும் கூடுதலாக வேண்டும். மரத்தை ஏற்ற, தூசி பெருக்க, பின்னால் போய் ஒரு வயரைச் சரிபார்க்க இடம் வேண்டாமா?

வாங்கும்போது முதலில் எதைப் பார்ப்பது? மோட்டார் பவரையா?

இல்லை, விறைப்பை. மோட்டார் எத்தனை வாட் என்று கேட்டே பெரும்பாலானவர்கள் வாங்குகிறார்கள். மரத்தில் பிட் தள்ளும்போது சட்டம் வளைந்துகொடுத்தால் எத்தனை வாட் இருந்தும் கோடு நடுங்கும், விளிம்பு சிதறும், பிட் உடையும்.

கடையில் நிற்கும்போதே பார்க்கலாம். மின்சாரம் போட்டு மோட்டார்களைப் பூட்டிய நிலையில், ஸ்பிண்டிலின், அதாவது பிட்டைச் சுழற்றும் மோட்டாரின், மூக்கைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு அசைந்தால் வேண்டாம். சக்கரத்தில் ஓடுவது, உருண்டைத் தண்டில் ஓடுவது, சதுர லீனியர் ரெயிலில் ஓடுவது என்று மூன்று வகை உண்டு. 15 அல்லது 20 மி.மீ. சதுர ரெயில் இருப்பதையே தேடுங்கள். நகர்த்துவது பெல்ட்டா, சாதாரணத் திருகுத்தண்டா, உள்ளே குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூவா என்று கேளுங்கள். பால் ஸ்க்ரூவில் 1605 என்று எழுதியிருந்தால் 16 மி.மீ. தடிமன், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு. மரவேலைக்கு இது நல்ல தேர்வு. ஸ்டெப்பர் மோட்டார் நீமா 23 அளவில் இருக்கட்டும் (நீமா என்பது மோட்டாரின் முக அளவைச் சொல்லும் குறியீடு).

பிட்டின் விறைப்பும் இதே கணக்குதான். பிடியிலிருந்து பிட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். தடிமன் பாதியானால் வளைவு 16 மடங்கு. அதனால் வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் பிட்டை வெளியே விடுங்கள்.

ட்ரிம் ரௌட்டரா, தண்ணீரில் குளிரும் ஸ்பிண்டிலா?

மகிட்டா போன்ற 700 வாட் ட்ரிம் ரௌட்டரில், அதாவது கையில் பிடிக்கும் சின்ன ரௌட்டரில், தொடங்கலாம். விலை குறைவு, கெட்டுப்போனால் மாற்றுவதும் எளிது. குறை என்றால் சத்தம். காது அடைப்பான் இல்லாமல் அரைமணி நேரம்கூடப் பக்கத்தில் நிற்கக்கூடாது. பக்கத்து வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதையும் யோசியுங்கள். மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டுகளும் தேயும், மாற்ற வேண்டும்.

1.5 அல்லது 2.2 கிலோவாட் ஸ்பிண்டில், தண்ணீர் சுற்றி ஓடும் வகை, பேசுவது கேட்கும் அளவுக்கு அமைதியானது. மணிக்கணக்கில் ஓடும் புடைப்புச் சிற்ப வேலைக்கு அதுதான். ஆனால் அதற்கு விஎஃப்டி என்ற வேகக்கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த ஸ்பிண்டில்கள் 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்று ஓடும்படி செய்யப்பட்டவை. விஎஃப்டி பெட்டி கடையிலிருந்து வரும்போது பல நேரம் சாதாரண 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கான அமைப்பில் இருக்கும். அதை மாற்றாமல் சுவிட்ச் போட்டால் சுருள் எரிந்துவிடும். முதல் முறை ஓட்டும் முன் அடிப்படை அதிர்வெண், அதிகபட்ச அதிர்வெண், மோட்டாரின் ஆம்பியர் மூன்றையும் ஸ்பிண்டிலின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். தண்ணீர் சுற்றவில்லை என்றால் ஸ்பிண்டிலை ஓட்டவே கூடாது. கிணற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டாம், உள்ளே உப்புப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரோடு கொஞ்சம் கூலன்ட் போதும்.

வீட்டு மின்சாரம் தாங்குமா?

ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட் போதும். 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் முழுச் சுமையில் 10 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும் என்பதால் தனி வயரில் 16 ஆம்பியர் பாயின்ட் போடுங்கள். எர்த் மிக முக்கியம். எர்த் சரியில்லாத பட்டறையில் விஎஃப்டி கிளப்பும் மின் இரைச்சல், ஓரத்தைத் தொட்டதும் இயந்திரத்தை நிறுத்தும் லிமிட் சுவிட்சின் வயரில் ஏறி, இயந்திரம் காரணமே இல்லாமல் நடுவில் நிற்கும். போர்டைத்தான் எல்லாரும் குறை சொல்வார்கள். கோளாறு பெரும்பாலும் எர்த்தில் இருக்கும். ஸ்பிண்டில் வயர் கவசம் பின்னியதாக இருக்கட்டும், சிக்னல் வயர்களை அதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். இந்த வேலையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள்.

என்ன மென்பொருள் பழகுவது?

சிறிய இயந்திரங்களில் பெரும்பாலும் ஜிஆர்பிஎல் என்ற இலவசக் கட்டுப்பாட்டு நிரல் இருக்கும். கட்டளை அனுப்ப கேண்டில், யுஜிஎஸ் போன்றவை இலவசம். கொஞ்சம் பெரிய இயந்திரங்களில் மாக் 3 என்ற கணினி மென்பொருள் வரும், இல்லையென்றால் கையில் பிடிக்கும் டிஎஸ்பி என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி வரும். டிஎஸ்பி இருந்தால் பென்டிரைவில் கோப்பைப் போட்டு ஓட்டலாம், கணினியைப் பட்டறைத் தூசியில் வைக்க வேண்டாம். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அது பிடிக்கும்.

படம் வரைய இங்க்ஸ்கேப், பாகங்கள் வடிவமைக்க ஃப்ரீகேட், இரண்டும் இலவசம். எழுத்தும் புடைப்புச் சிற்பமும்தான் உங்கள் வேலை என்றால் வெக்ட்ரிக் நிறுவனத்தின் விகார்வ், ஆஸ்பயர் இரண்டும் காசு கொடுத்து வாங்கத் தக்கவை. ஆஸ்பயர் விலை அதிகம். வேலை வரத் தொடங்கிய பிறகு வாங்குங்கள்.

தமிழ் எழுத்து உடைந்து வருகிறதே, ஏன்?

பெயர்ப்பலகை செய்யும் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. பல சிஎன்சி மென்பொருள்களுக்குத் தமிழ் யூனிகோடு எழுத்தைக் கோத்துக் காட்டத் தெரியாது. ‘பொன்னகம்’ என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியாக விழும். தீர்வு எளிது. இங்க்ஸ்கேப்பில் தட்டுங்கள், அங்கே சரியாக வரும். பிறகு எழுத்தைப் பாதையாக மாற்றும் கட்டளையைக் கொடுத்து, எஸ்விஜி அல்லது டிஎக்ஸ்எஃப் கோப்பாகச் சேமித்துச் சிஎன்சி மென்பொருளில் திறந்தால் அது எழுத்தாக இருக்காது, வெறும் வடிவமாக இருக்கும், உடைய வழியில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டப்படுபவை என்பதால் அவை நேரடியாகவும் வேலை செய்யும்.

அடுத்தது சுழி. ‘ண’, ‘ழ’, ‘ஞ’ இவற்றின் சுழிக்குள் இருக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள். 50 மி.மீ. உயர எழுத்தில்கூடத் தடித்த எழுத்துருவாக இருந்தால் சில சுழிகளுக்குள் 3 மி.மீ. பிட் நுழையாது. நுழையாத இடத்தை மென்பொருள் சத்தமில்லாமல் விட்டுவிடும். பலகையில் அந்தச் சுழி அடைபட்ட கட்டியாக நிற்கும். ஓட்டும் முன் திரையில் முன்னோட்டத்தை ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக்கிப் பாருங்கள். குழிவாகச் செதுக்குவதானால் கூம்பாகக் கூர்ந்த முனையுள்ள வி-பிட் இந்தச் சிக்கலைத் தீர்க்கும். அகலமான இடத்தில் ஆழமாகவும் ஒடுங்கிய இடத்தில் மேலோட்டமாகவும் அது ஓடும். 6 மி.மீ. அகலக் கோட்டுக்கு 90 டிகிரி பிட் 3 மி.மீ. ஆழம் போகும், 60 டிகிரி பிட் 5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் போகும். பலகையின் தடிமனை இதற்கு ஏற்றபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்து மேலே புடைத்து நின்று பின்னணி தாழ வேண்டுமென்றால் புள்ளியை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி மரத்தில் தனித் தீவாக நிற்கும். அதில் நாரின் நீளம் மிகக் குறைவு, துடைக்கும்போதே பெயர்ந்து வந்துவிடும். புள்ளியின் விட்டத்தை 6 மி.மீ.க்குக் குறையாமல் வரைந்து, பக்கச் சுவரை வி-பிட்டால் சரிவாக விட்டால் நிற்கும்.

முதலில் எந்த பிட்டுகள் வாங்க வேண்டும்?

பெரிய பெட்டி வாங்காதீர்கள். 6 மி.மீ. இரண்டு வெட்டு (இரண்டு வெட்டும் விளிம்பு உள்ள) நேர் பிட், 3 மி.மீ. ஒன்று, 60 அல்லது 90 டிகிரி வி-பிட் ஒன்று, புடைப்பு வேலைக்குக் கூம்பு வடிவ உருண்டை முனை பிட் ஒன்று, மேசையை மட்டம் தட்ட அகல பிட் ஒன்று. கார்பைடு மட்டும் வாங்குங்கள். மேல்நோக்கிச் சுருளும் பிட் தூளை வெளியே இழுக்கும், ஆனால் பலகையின் மேல் விளிம்பைச் சிதறடிக்கும், பலகையையே தூக்கவும் பார்க்கும். கீழ்நோக்கிச் சுருளும் பிட் மேல் விளிம்பைச் சுத்தமாக வைக்கும், தூளைக் குழிக்குள் அமுக்கும். பிளைவுட், மைக்கா ஒட்டிய பலகைக்குக் கீழ்நோக்கியதே நல்லது. பிட்டை இறுகப் பிடிக்கும் கோலெட்டின் அளவும் பிட் தண்டின் அளவும் ஒத்துப்போக வேண்டும்: 6 மி.மீ. கோலெட்டில் கால் அங்குலத் தண்டை, அதாவது 6.35 மி.மீ.யை, திணிக்கக்கூடாது.

வேகத்தை எப்படிக் கணக்குப் போடுவது?

சுற்று வேகத்தை வெட்டுகளின் எண்ணிக்கையாலும், ஒவ்வொரு வெட்டும் எடுக்கும் சீவலின் தடிமனாலும் பெருக்குங்கள். 18,000 சுற்று, இரண்டு வெட்டு, 0.05 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,800 மி.மீ. தேக்கில் 6 மி.மீ. பிட்டுக்கு இது நல்ல தொடக்கம். ஒரு தடவைக்கு 3 மி.மீ. ஆழம், அதாவது பிட்டின் விட்டத்தில் பாதி. இயந்திரம் திணறவில்லை என்றால் மெல்ல ஏற்றுங்கள்.

புதிதாக வருபவர்கள் பயந்து மெதுவாக ஓட்டுவார்கள். பயம் நியாயமானது, ஆனால் பலன் எதிர்மாறாக இருக்கும். நகர்வு மெதுவானால் பிட் மரத்தை வெட்டாமல் தேய்க்கும், சூடாகும், மரம் கருகும், பிட்டின் முனை மழுங்கும். கீழே விழுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். மாவு மாதிரி நைசாக இருந்தால் நகர்வு போதாது, அல்லது சுற்று அதிகம். சின்னச் சின்னச் சீவலாக இருந்தால் சரி. சத்தத்தையும் கேளுங்கள், கீச்சென்று கத்தினால் எங்கோ அதிர்கிறது, ஆழத்தைக் குறையுங்கள்.

நம்மூர் மரங்களில் எது நல்லது?

மகோகனி கிடைத்தால் அதில் தொடங்குங்கள். நார் ஓரளவு நேர், வெட்டு சுத்தம். தேக்கு பற்றிச் சொல்லவே வேண்டாம், அழகாக வெட்டும். ஆனால் அதற்குள் இருக்கும் சிலிக்கா பிட்டை வேகமாக மழுக்கும், அதனால் பிட் செலவையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். பலா செதுக்க இனிமையானது, மஞ்சள் நிறம் நாளடைவில் கருத்துப் பழுப்பாகும்.

அயனி நம்முடைய மரம். படகு கட்டுவதற்கும் வீட்டுக் கூரைக்கும் தலைமுறையாகப் பயன்பட்டது. ஆனால் நார் மாறி மாறிப் பின்னியிருக்கும். ஒரு பட்டை வழவழப்பாக வரும், பக்கத்துப் பட்டை பிய்ந்து நிற்கும். அயனியில் கடைசித் தடவைக்கு 0.5 மி.மீ. மட்டும் விட்டுவைத்து, புதிய கூரான பிட்டால், பிட் சுழலும் திசையோடு சேர்ந்து நகரும்படி ஓட்டினால் பிய்தல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ரப்பர் மரம் மலிவு. தமிழ்நாட்டு ரப்பர் தோட்டங்களில் பெரும்பகுதி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, பால் வற்றிய மரத்தை வெட்டிப் புது நடவு போடுவது நிற்காமல் நடக்கும். பச்சையாக வாங்கி வந்து பட்டறையில் சாய்த்து வைத்தால் சில நாளிலேயே நீலப் பூஞ்சை ஏறும், பிறகு வண்டு துளைக்கும். போரான் மருந்து அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகையை மட்டும் வாங்குங்கள். அப்படிப்பட்டது சிஎன்சிக்கு அருமையான மரம். நிறமும் ஒரே சீர், நாரும் சீர். தென்னையும் பனையும் புறத்தில் கடினம், உள்ளே சோறு. செதுக்கு வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

செதுக்கிய பலகை இரண்டு வாரத்தில் வளைந்துவிட்டது. இயந்திரக் கோளாறா?

இல்லை, மரத்தின் ஈரம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஈரத்தை எடுக்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தில் நின்றால் மரம் ஏறக்குறைய 12 சதவீத ஈரத்தில் நிற்கும். 80 சதவீதமானால் மரத்தில் 16 சதவீதம் ஆகும். தமிழ்நாட்டில் பல மாவட்டங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. நமக்கு ஜூனில் தென்மேற்கும் வரும், அக்டோபரில் வடகிழக்கும் வரும். ஆக, ஓட்டுக்கூரைக்குக் கீழே அடுக்கிய பலகை வருஷத்தில் பல மாதம் ஈரம் ஏறியே இருக்கும். அதைச் செதுக்கி, ஏசி ஓடும் அறைக்குக் கொண்டுபோய் மாட்டினால் அது சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் மரம் எடுத்த பலகை என்பதால் இரண்டு முகமும் ஒரே மாதிரி சுருங்காது, கிண்ணம் போல் வளையும்.

ஊசி குத்தும் ஈரமானி ஒன்று வாங்குங்கள். மேல்தோலில் மட்டும் குத்தாமல், பலகையின் முனையில் ஒரு துண்டு அறுத்து, புதிதாகத் தெரியும் முகத்தின் நடுவில் குத்திப் பாருங்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் எடுங்கள். ஈரமானி இல்லையா, சரி, தராசு இருக்கிறதே. பலகையில் தேதியும் எடையும் பென்சிலால் எழுதி வையுங்கள், வாரம் ஒருமுறை நிறுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு செதுக்கலாம். அடுக்கும்போது பலகைக்குப் பலகை குச்சி வைத்துக் காற்றுப் போக விடுங்கள், தரையிலிருந்து உயர்த்தி அடுக்குங்கள்.

ஆழமான புடைப்பு வேலையை இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் தடித்த பிட்டால் 1 அல்லது 2 மி.மீ. மிச்சம் வைத்துக் கரடாக எடுத்துவிட்டுப் பலகையைக் கழற்றி நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். உள்ளே அடங்கியிருந்த இழுவிசை வெளியே வந்து பலகை அசையும். சில நாள் கழித்து அடிப்பக்கத்தை மறுபடி இழைத்து மட்டமாக்கி, பிறகு கடைசி ஓட்டத்தை ஓட்டுங்கள். செதுக்கி முடித்ததும் முன்பக்கம் மட்டும் பாலிஷ் அடிக்கும் பழக்கத்தை விடுங்கள். பின்பக்கத்துக்கும் அதே அளவு பூச்சு வேண்டும்.

பலகையை எப்படி இறுகப் பிடித்து வைப்பது?

விளிம்பில் இடம் இருந்தால் கிளாம்ப், இல்லையென்றால் வேண்டாத ஓரத்தில் திருகு. திருகும் கிளாம்பும் பிட்டின் பாதையில் இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். மெல்லிய துண்டுகளுக்கு, பலகையின் அடியிலும் மேசையிலும் பேப்பர் டேப் ஒட்டி, இரண்டு டேப்புக்கும் நடுவில் உடனடிப் பசை போட்டு அழுத்துங்கள். நன்றாகப் பிடிக்கும், கழற்றும்போது மரத்தில் கறை இருக்காது. முழுதாக அறுத்து எடுக்கும் வடிவத்துக்கு நாலைந்து இடத்தில் வெட்டாமல் சின்னப் பாலம் விடுங்கள், இல்லையென்றால் கடைசி நொடியில் துண்டு பறக்கும்.

கடலோரம் என்பதால் துரு பிடிக்குமா?

பிடிக்கும். குளச்சல், முட்டம் பக்கம் என்றால் இன்னும் சீக்கிரம். ரெயில்களும் பால் ஸ்க்ரூவும் சாதாரண எஃகு. மரத்தூள் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு ரெயில் மேலேயே உட்கார்ந்திருக்கும், அதற்கு அடியில்தான் முதல் புள்ளி தோன்றும். அன்றாடம் வேலை முடிந்ததும் தூளைப் பிரஷால் தள்ளி, மெஷின் ஆயில் தொட்ட துணியால் ரெயிலை ஒருமுறை துடையுங்கள். ரெயில் கட்டைகளுக்குள் கிரீஸ் ஏற்றுங்கள். மூடி வைக்கப் பழைய பருத்தி வேட்டி நல்லது. பிளாஸ்டிக் ஷீட் போட்டால் உள்ளே வியர்க்கும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு, நிறம் மாறும்போது காயவைத்து மறுபடி போடுங்கள்.

மேசைமேல் போட்டிருக்கும் எம்டிஎஃப் பலகையும் (மரநாரை அழுத்திச் செய்தது) மழையில் ஊதும். மழைக்காலம் தொடங்கி ஈரம் ஏறியதும் ஒருமுறை, காய்ந்ததும் ஒருமுறை அகல பிட்டால் மட்டம் தட்டுங்கள். ஒரு மி.மீ.யின் மூன்றில் ஒரு பங்கு மேடு இருந்தாலும் வி-பிட் எழுத்தின் தடிமன் கண்ணுக்குத் தெரியும்படி மாறிவிடும்.

மரம் தவிர வேறு எதை வெட்டலாம்?

மல்டிவுட் எனப்படும் பிவிசி பலகை மிக எளிது, குளியலறைக் கதவுக்கும் ஜாளிக்கும் நிறைய வேலை வருகிறது. அக்ரிலிக்கில் வார்ப்பு வகையை வாங்கி, ஒற்றை வெட்டு பிட்டால், சுற்றைக் குறைத்து வெட்டுங்கள். இல்லையென்றால் உருகிப் பிட்டில் சுற்றிக்கொள்ளும். அலுமினியம் விறைப்பான இயந்திரத்தில் முடியும், ஒரு தடவைக்கு 0.2 அல்லது 0.3 மி.மீ. போதும். கருங்கல் முடியாது. மயிலாடியில் சிற்பிகள் வெட்டும் கல்லுக்கு வைரப் பல், இடைவிடாத தண்ணீர், பல மடங்கு எடையுள்ள இயந்திரம் வேண்டும்.

தூசிக்கு என்ன செய்வது? ஆபத்து ஏதும் உண்டா?

மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. வாயில் துண்டைக் கட்டினால் போதாது. என்95 முகக்கவசம் போடுங்கள், ஸ்பிண்டிலைச் சுற்றிப் பிரஷ் கூடு மாட்டி, தூளைச் சுழற்றிப் பிரிக்கும் சுழல் டிரம் வழியாக வேக்குவம் இழுக்கட்டும். எம்டிஎஃப் வெட்டும்போது கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கையுறை வேண்டாம். சுழலும் பிட் அதன் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். லுங்கி நுனி, தாலிச் சங்கிலி, சடை எதுவும் தொங்கக்கூடாது. அவசர நிறுத்தப் பொத்தான், பாய்ந்து போகாமல் நின்ற இடத்திலிருந்தே தட்டும்படி இருக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது சாப்பிடப் போகாதீர்கள்: மழுங்கிய பிட் ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் தூள் புகைந்து வேக்குவம் பைக்குள் தீ போய்விடும். தீயணைப்பான் ஒன்று கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஆசைப்படுவார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும்.

வேலைக்கு எவ்வளவு கூலி கேட்கலாம்?

நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள், ஊகித்துச் சொல்லாதீர்கள். 300க்கு 300 மி.மீ. புடைப்புச் சிற்பத்தைக் கோட்டுக்குக் கோடு 0.3 மி.மீ. இடைவெளியில் முடிக்க 1,000 கோடு ஓட வேண்டும். மொத்தம் 3 லட்சம் மி.மீ. நிமிடத்துக்கு 2,000 மி.மீ. என்றால் 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். இடைவெளியை 0.2 ஆக்கினால் 225 நிமிடம். இது கடைசி ஓட்டம் மட்டும். கரடு ஓட்டம், படம் வரைந்த நேரம், பலகை பூட்டிய நேரம், பிட் தேய்மானம், உளியால் எடுத்த நேரம், பாலிஷ் எல்லாம் தனி. ‘மெஷின்தானே செய்யுது’ என்று பேரம் பேசுபவர்களிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பாதி வேலையில் கரண்ட் போய்விட்டால் பலகை வீணா?

வீணாக வேண்டியதில்லை, முன்கூட்டியே இரண்டு விஷயம் செய்திருந்தால். ஒன்று, ஹோமிங் சுவிட்ச் உள்ள இயந்திரமாக வாங்குங்கள்; தன் தொடக்க மூலையை, அதாவது ஹோமை, இயந்திரம் அதைக்கொண்டே கண்டுபிடிக்கும். இரண்டு, பலகையின் தொடக்கப் புள்ளியை அந்த ஹோமிலிருந்து அளந்த எண்களாகத் தாளில் எழுதி வையுங்கள். ஜிஆர்பிஎல் இதைத் தன் நினைவிலும் வைத்துக்கொள்ளும், ஆனாலும் எழுதுங்கள். மின்சாரம் வந்ததும் ஹோம் செய்து, நின்ற வரிக்குச் சில வரிகள் முன்னாலிருந்து தொடங்கலாம். தொடங்கும் முன் பிட்டை உயரே தூக்கி ஸ்பிண்டிலைச் சுழல விட்டு, முழு வேகம் எடுத்த பிறகே இறக்க வேண்டும். சுழலாத பிட் மரத்தில் இறங்கினால் ஒடிந்துவிடும். கணினிக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் போடலாம். ஸ்பிண்டிலை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டப் பார்க்காதீர்கள். இடி இடிக்கும் மாலைகளில் நீண்ட வேலையைத் தொடங்காமல் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், கரடு ஓட்டத்தைக் காலையில் வைத்துக்கொள்ளலாம்.